ஒரு அங்குலக் காற்று

மூணாறிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் சாலையில் ரெண்டாம் மைலில் பிரிந்தால் சித்திரபுரம். கேரளத்தின் முதல் புனல் மின்நிலையமான பள்ளிவாசல், 1940-இல் ஓடத் தொடங்கியது இந்தச் சரிவில்தான். மின்வாரியக் குடியிருப்பு, ஏலக்காடு, தேயிலை, இப்போது அவற்றுக்கு நடுவே முளைத்துக்கொண்டே இருக்கும் ஹோம்ஸ்டேக்கள். மாநிலத்துக்கே முதலில் தண்ணீரிலிருந்து கரண்ட் கொடுத்த ஊரில், டிசம்பர் மாதத்து விருந்தாளி வந்து இறங்கியதும் கேட்பது விறகு நெருப்பை. ஹீட்டர் இருக்கிறது என்றால் அவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது.

நான் தங்கிய வீட்டின் உரிமையாளர், தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவரின் மகன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். கூடத்தில் செங்கல் கணப்பு ஒன்று கட்டி, அதற்குள் எங்கோ பழைய சாமான் கடையில் பிடித்த வார்ப்பிரும்புப் பெட்டி ஒன்றைச் செருகியிருந்தார். முகப்பில் கண்ணாடிக் கதவு. இதைத்தான் இன்சர்ட் என்கிறார்கள். பெட்டி மாடத்துக்குள் முழுசாக அடங்காமல் ஒரு முழம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதன் வலப்பக்கத்தில் ஒரு அடி தள்ளி, பிளைவுட் அடித்த சுவர். பிளைவுட்டின் மேல் கல் மாதிரி தெரியும் டைல்ஸ். மேல்பலகையில் கிறிஸ்துமஸ் குடில். காய்ந்த புல்லை வேய்ந்து, பஞ்சைப் பனியாகத் தூவி, நடுவில் குழந்தை இயேசு.

குடிலைப் பார்த்து எனக்கு முதலில் வயிற்றைக் கலக்கியது. ஆனால் விஷயம் அங்கில்லை. டைல்ஸ் ஒன்று லேசாகப் பெயர்ந்திருந்த இடத்தில் விரலை விட்டு நெம்பினேன். அடியில் பிளைவுட் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது.

“தீ புடிக்கலையே சார். சும்மா கருத்துருக்கு, அவ்வளவுதான்” என்றார் உரிமையாளர்.

பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்கு ரோஷம். “டைல்ஸ் எரியுமா சார்? டைல்ஸே தீயில சுட்டதுதானே?”

மேஸ்திரி சொன்னது முழுக்க உண்மை. டைல்ஸ் எரியாது. இந்த அத்தியாயம் அதற்குப் பின்னால் இருப்பதைப் பற்றியது.

நெருப்பிலிருந்து சுவருக்குச் சூடு போக மூன்று வழி உண்டு என்று எட்டாம் வகுப்பில் படித்திருப்போம்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. பரீட்சைக்கு மூன்றும் சமம். கணப்புக்கு முன்னால் சமமில்லை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பது காற்று. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுசோம்பேறி. சூடான காற்று மேலே ஏறும், பக்கவாட்டில் போய்ச் சுவரை முட்டாது. ஆக, எதிர்ச்சுவரைச் சுடுவது பெரும்பாலும் கதிர்வீச்சு. நடுவில் இருக்கும் காற்றை அது கண்டுகொள்வதே இல்லை. அடுப்பின் சூடு காற்றைச் சூடேற்றாமலே காற்றினூடாகப் பாய்கிறது என்பதை 1777-இல் கவனித்து எழுதியவர் ஸ்வீடனின் கார்ல் ஷீலே. ஆக்ஸிஜனைக் கண்டவர்களில் ஒருவரான அதே ஷீலே.

கதிர்வீச்சுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. 1879-இல் யோசப் ஸ்டெஃபான் கண்டு சொன்னது: பொருளின் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அது கூடும். சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் கதிர்வீச்சு எக்கச்சக்கமாகக் கூடும். எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். மேகமில்லாத மத்தியான வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1000 வாட் கொட்டுகிறது. அதை ‘ஒரு வெயில்’ என்று வைத்துக்கொள்வோம். 200 டிகிரி செல்சியஸில் இருக்கும் கறுத்த இரும்பு சதுர மீட்டருக்கு சுமார் 2800 வாட் வீசும், அதாவது மூன்று வெயிலுக்குக் கொஞ்சம் குறைவு. 300 டிகிரியில் 6100 வாட், ஆறு வெயில். நூறு டிகிரிதான் ஏறியது. வெயில் இரட்டிப்புக்கு மேல் ஆகிவிட்டது. விருந்தாளிகள் உற்சாகத்தில் இரண்டு கட்டை கூடுதலாகப் போடும் இரவில் நடப்பது இதுதான்.

இந்த ஆறு வெயிலும் முழுசாகச் சுவருக்குப் போய்ச் சேராது. தூரம் கூடக் கூட, சுவரின் பார்வையில் பெட்டி சிறுத்துப்போகும். இரண்டடிச் சதுர முகம் கொண்ட பெட்டி என்று வைத்து நான் போட்ட தோராயக் கணக்கு: அரை அடி தூரத்தில் ஐந்து வெயில். ஒரு அடி தூரத்தில் மூன்றுக்கும் மேல். மூன்றடி தள்ளிப்போனால் முக்கால் வெயில்.

முக்கால் வெயில் பட்ட மரச்சுவர், அறைச்சூட்டை விட ஐம்பது ஐம்பத்தைந்து டிகிரி கூடி, எழுபது எழுபத்தைந்தில் போய் நிற்கும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 211-ஆம் எண் நெறி, தரச்சான்று இல்லாத விறகு அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் நடுவே கேட்கும் இடைவெளி 36 அங்குலம். சரியாக மூன்றடி. காகிதத்தில் போட்ட கணக்கும், எரிந்த வீடுகளிலிருந்து கற்ற விதியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

எழுபத்தைந்து டிகிரியில் மரம் என்ன ஆகிவிடும், தீப்பிடிக்க இருநூற்றைம்பது முந்நூறு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான், ஒரே நாளில் பற்ற வேண்டுமென்றால். மாதக்கணக்கில் வெந்துகொண்டே இருக்கும் மரத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. மரம் என்பது நாருக்குள் அடைபட்ட தண்ணீர், சர்க்கரைச் சங்கிலிகள், பிசின். நூறைச் சுற்றிய சூட்டில் முதலில் ஈரம் போகும். பிறகு சங்கிலிகள் மெல்ல அறுபடத் தொடங்கும். வாயுவாகப் பிரியக்கூடியது பிரிந்துபோக, மிஞ்சுவது நுண்துளை நிரம்பிய கரி. கரிக்குக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மேல் தனிப் பசி. ஆக்ஸிஜனை உறிஞ்சும்போதே கொஞ்சம் சூட்டை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் டைல்ஸுக்குப் பின்னால் அடைபட்டால், உள்ளேயே கூடும். கூடின சூடு வேகத்தைக் கூட்டும். வைக்கோற்போர் ஈரத்தோடு கட்டப்பட்டு உள்ளுக்குள்ளேயே புகைந்து எரிவதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. ஐந்து வருடம் ஒன்றும் ஆகாத சுவர் ஆறாம் வருடம் ஒரு ராத்திரி கனன்று பிடிக்கும். ‘இத்தனை நாள் எதுவும் ஆகலையே’ என்ற ஆறுதல் இங்கே தலைகீழ். ஒவ்வொரு நாளும் அதை எரிவதற்குத் தோதாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. நீண்ட காலம் சூடுபடும் மரம் 77 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று தீயியலாளர்கள் எல்லை வைப்பது இதனால்தான். நான் விரலால் நெம்பிய காப்பி நிறம், அந்தப் பயணத்தில் பாதி வழி.

இனி மேஸ்திரியின் டைல்ஸ்.

ஒரு தடுப்பின் ஒரு முகத்தைச் சுட்டால் மறுமுகத்துக்குச் சூடு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தடிமனைத் தடிமனால் பெருக்கி, அந்தப் பொருளின் வெப்பப் பரவுதிறனால் வகுத்தால் தோராயமாக விடை கிடைக்கும். எட்டு மில்லிமீட்டர் டைலுக்கு இரண்டு நிமிடம் கூட இல்லை. ஒன்பது சென்டிமீட்டர் செங்கல்லுக்கு நாலரை மணி நேரம். பழைய துரை பங்களாக்களில் உள்ள ஒரு அடி கனக் கருங்கல்லுக்கு ஏறக்குறைய ஒரு நாள். பெருக்கல் இருப்பதால், தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. துரைமார் மாலையில் மூட்டி இரவு பத்து மணிக்கு அவித்துவிட்டுப் படுத்தார்கள். சூடு கல்லின் பாதி வழி போவதற்குள் நெருப்பு அணைந்துவிடும். அந்தக் கணப்புகள் நூறு வருடம் நின்றதற்குக் கல்லின் பெருமை பாதி, பட்லர் நேரத்தோடு அணைத்தது பாதி.

டைல்ஸுக்கு அந்தப் பேச்சே இல்லை. அது எரியாது, ஆனால் எரியக்கூடியதை மறைத்து நிற்கும். ஜிப்சம் போர்டும் அப்படியே. சிமெண்ட் பூச்சும் அப்படியே. பின்னால் மரம் இருந்தால், முன்னால் எது ஒட்டியிருந்தாலும் அது மரச்சுவர்தான். இடைவெளியை அளக்கும் டேப்பை டைல்ஸில் வைக்கக்கூடாது, அதன் பின்னாலிருக்கும் பிளைவுட் வரைக்கும் நீட்ட வேண்டும்.

“அப்ப சரி, நாலரை இஞ்சுல செங்கச் சுவர் எழுப்பிருவோம் அண்ணாச்சி” என்றார் மேஸ்திரி. நாலரை மணி நேரக் கணக்கைக் கேட்டு வந்த யோசனை. யாரும் அதைத்தான் சொல்லுவார்கள். கனம் கூடினால் காவல் கூடும் என்பது நம் கைக்கும் கண்ணுக்கும் பழகிப்போன நம்பிக்கை.

அதே 211-ஆம் நெறியில் ஒரு பட்டியல் உண்டு. சுவருக்கு முன்னால் தடுப்பு வைத்தால் 36 அங்குலத்தில் எவ்வளவு குறைத்துக்கொள்ளலாம் என்பது அதில் இருக்கிறது. மூன்றரை அங்குலச் செங்கல் தடுப்பைச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்: 24 அங்குலம். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடிய தகரத்தைச் சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, மேலும் கீழும் காற்றுப் போக்குவிட்டுத் தொங்கவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கலாம்: 12 அங்குலம். நாலு ஆள் தூக்கும் செங்கல்லை ஒரு கையில் தூக்கும் தகரம் ஜெயிக்கிறது.

முதன்முறை இந்தப் பட்டியலைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிழையில்லை. ஒட்டிக் கட்டிய செங்கல் சூட்டைத் தாமதப்படுத்துகிறது, தடுப்பதில்லை. சீசனில் ஹோம்ஸ்டே கணப்பு ஆறு மணிக்கு மூட்டினால் நள்ளிரவு வரை எரியும். நாலரை மணி நேரம் கழித்துச் சூடு மறுமுகத்துக்கு வந்துவிடும். அணைத்த பிறகும் செங்கல்லில் சேர்ந்த சூடு விடிய விடியப் பின்னால் இறங்கும். வேறு போக்கிடம் அதற்கு இல்லை. தகரத்துக்குப் பின்னால் நடப்பதே வேறு. பட்ட கதிர்வீச்சைத் தகரம் வாங்கி இரண்டு பக்கமும் வீசும். பாதிக்கு மேல் பெட்டியின் பக்கமே திரும்பிவிடும். பின்பக்கம் வருவதிலும் நடுவிலுள்ள காற்று தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். சூடாகி, லேசாகி, மேல் வாய் வழியே ஏறிப்போகும். அது காலி செய்த இடத்துக்குக் கீழ் வாய் வழியே தரையோரத்துக் குளிர்காற்று வரும். சுவருக்கு முன்னால் ஒரு காற்று ஓடை எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். நெருப்பு கூடினால் ஓடையின் வேகமும் கூடும். மோட்டார் கிடையாது, சுவிட்சும் கிடையாது.

கீழ் வாயையோ மேல் வாயையோ அழகுக்காகப் பட்டி வைத்து மூடிவிட்டால் ஓடை நின்றது. அப்புறம் அது வெறும் தகரம்.

சித்திரபுரத்து வீட்டில் சுவருக்கு ஒரு அடி இருந்தது. செங்கல் வைத்தால் கேட்பது இரண்டடி. தகரம் வைத்தால் கேட்பது ஒரு அடி. முடிவை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செங்கல்லுக்கு ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்திருந்த உரிமையாளர்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இப்படிப் பெட்டியைக் கணப்புக்குள் செருகும் யோசனை யாருக்கு முதலில் வந்தது? திறந்த கணப்பு பார்க்க அழகு, காயக் கொடுமை. விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்கு வந்தால் பெரிது. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே மலைக்குப் போகிறது. போகும்போது அறையில் இருந்த வெதுவெதுப்பான காற்றையும் கையோடு கூட்டிக்கொண்டு போகிறது. முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும். 1740-களில் பெஞ்சமின் பிராங்க்ளின் இதற்கு இரும்புப் பெட்டி செய்து கணப்புக்குள் வைத்தார். 1744-இல் அதை விளக்கிச் சிறு நூலும் போட்டார். காப்புரிமை கொடுத்தபோது வேண்டாம் என்றார். பெருந்தன்மைதான், ஆனால் அவருடைய பெட்டி புகைந்தது. புகை முதலில் கீழே இறங்கி, பிறகு மேலேற வேண்டும் என்று வடிவமைத்திருந்தார், சூட்டைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட. சூடு போன புகைக்கு ஏறுவதற்குத் தெம்பில்லை. 1796-இல் ரம்ஃபோர்ட் பிரபு வேறு வழியில் போனார். கணப்பின் பக்கச் சுவர்களைச் சாய்த்து, ஆழத்தைக் குறைத்து, புகைபோக்கியின் தொண்டையை இறுக்கினார். லண்டனில் வசதியானவர்கள் வரிசையில் நின்று தங்கள் கணப்புகளை அவர் சொன்னபடி இடித்துக் கட்டினார்கள்.

இன்றைய இன்சர்ட் இந்த இருவரின் பேரப்பிள்ளை. கதவு மூடி, காற்றை அளந்து விட்டு எரிப்பதால் நல்ல பெட்டிகள் விறகின் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கை அறைக்குத் தருகின்றன. பிராங்க்ளின் சறுக்கிய இடம் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. சூட்டை நன்றாகப் பிழிந்த பெட்டியிலிருந்து வெளியேறும் புகை குளிர்ந்த புகை.

அரிக்கேன் விளக்கின் கண்ணாடிக் கூட்டைச் சிம்னி என்போம். சிம்னியைக் கழற்றினால் சுடர் தள்ளாடிப் புகைகிறது. மாட்டினால் நிமிர்ந்து நிற்கிறது. கண்ணாடிக்குள் உள்ள சூடான காற்று வெளிக்காற்றை விட லேசு. அந்த எடை வித்தியாசம்தான் கீழிருந்து புதுக்காற்றை இழுக்கிறது. புகைபோக்கியும் பெரிய சிம்னி. (இப்போதைய பிள்ளைகளுக்குச் சிம்னி என்றால் சமையலறையில் மாட்டும் மின்விசிறிப் பெட்டி. அதுவும் இந்தக் கதையில் வில்லனாக வரும்.) இருபதடிப் புகைபோக்கி, உள்ளே 150 டிகிரிப் புகை, வெளியே 10 டிகிரிக் குளிர் என்றால் இழுப்பு 24 பாஸ்கல். மூணாறின் உயரத்தில் காற்றே மெலிசு, ஆகவே 20 என்று வைக்கலாம். இரண்டு மில்லிமீட்டர் தண்ணீரின் எடை. அவ்வளவு மெல்லிய நூலில்தான் வீட்டிலுள்ளவர்கள் மூச்சு தொங்குகிறது.

பழைய கணப்பின் புகைபோக்கி ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம். இன்சர்ட்டின் புகைக்குழாய் ஆறு அங்குல வட்டம். பரப்பில் ஐந்துக்கு ஒன்று. பெட்டியின் வாயைப் பழைய புகைபோக்கிக்குள் சும்மா நீட்டிவிட்டு விட்டால், குறுகிய குழாயில் ஓடி வந்த புகை அகலமான குகைக்குள் நுழைந்து ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் தவழும். தவழும்போது ஆறும். ஆறினால் புகையிலுள்ள தார் சுவரில் படியும்: கறுப்பாக, பளபளப்பாக, கொல்லன் பட்டறைக் கீலைப் போல. கிரியோசோட் என்பது இதுதான். அது எரிபொருள். என்றைக்காவது சுடர் நீண்டு அதைத் தொட்டால் புகைபோக்கியே உள்ளுக்குள் எரியும். சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டலாம். சத்தம் மட்டும் மேட்டில் லாரி ஏறுவது மாதிரி. ஆகவே இன்சர்ட் வைப்பவர்கள் பெட்டியின் வாயிலிருந்து கூரைக்கு மேல் வரை ஒரே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை உள்ளே இறக்க வேண்டும். சித்திரபுரத்தில் இரண்டடிக் குழாய்தான் இருந்தது. அதற்கு மேல் குகை.

விறகும் பார்க்க வேண்டும். மூணாறு வட்டாரத்தில் விறகென்றால் பெரும்பாலும் கிராண்டிஸ். தேயிலை ஃபாக்டரிகளுக்கு எரிக்கவென்றே மலை மலையாக வைத்த யூகலிப்டஸ். வெட்டின கையோடு எரித்தால் எடையில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க விறகின் சூட்டில் ஏழில் ஒரு பங்கு போகும். அது நஷ்டம், அவ்வளவுதான். ஆபத்து வேறு: ஈரம் சுடரைக் குளிரவைக்கும், குளிர்ந்த சுடர் முழுசாக எரிக்காது, எரியாத மிச்சம் தாராகும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அடுப்புக்கு மேல் பரண் கட்டி விறகை அடுக்கி, புகையிலேயே காயவைத்த பாட்டிமாருக்கு விறகின் ஈரம் தட்டிப் பார்த்தால் தெரியும். காய்ந்தது ‘டங்’ என்று பேசும், பச்சை ‘பொத்’. அந்தப் பரணே நெருப்புக்கு எத்தனை அருகில் இருந்தது என்பது தனிக்கதை. மண் அடுப்பு சின்னது, சமைக்கிற நேரம்தான் எரியும், கூடவே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். ஹோம்ஸ்டே கணப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து தூங்கப் போய்விடுகிறார்.

தூக்கம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள், ஒரே அறையில் இறந்தார்கள். குளிருக்கு கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, கண் எரியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் ஆவலாகப் பிடித்துக்கொள்ளும். தலை கனக்கும், பயணக் களைப்பு என்று தோன்றும், படுத்துவிடுவார்கள்.

புகைபோக்கி உள்ள கணப்பில் இது நடக்காது என்று நினைப்பார்கள். 20 பாஸ்கலை நினைவில் வையுங்கள். குளிருக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் ரப்பர் பட்டி வைத்து அடைத்த புது வீட்டில், சமையலறைச் சிம்னியைப் போட்டுவிட்டால் அந்த மோட்டார் தனக்கு வேண்டிய காற்றை எங்கிருந்தாவது இழுக்கும். வீட்டில் திறந்திருக்கும் ஒரே ஓட்டை கணப்பின் புகைபோக்கிதான் என்றால், புகை ஏறுவதற்குப் பதில் இறங்கும். சுடர் நன்றாக இருக்கும்போது மூக்குக்குத் தெரியும். நள்ளிரவில் வெறும் தணல் மட்டும் கனலும்போது புகையே இருக்காது, மோனாக்சைடு மட்டும் இருக்கும். பெட்டிக்கு வெளியிலிருந்து தனிக் காற்றுக்குழாய் ஒன்று, படுக்கையறைப் பக்கம் ஒரு மோனாக்சைடு அலாரம்: இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு சீசன் வார இறுதியின் வாடகை கூட வராது.

இந்தியாவில் இதற்கெல்லாம் நெறியே கிடையாது என்று கட்டட வேலைக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். புகைபோக்கி, புகைக்குழாய், கணப்புத் தளம் பற்றி ஐ.எஸ். 1645 என்று 1960-லேயே ஒன்று வெளிவந்தது. யாரும் புரட்டுவதில்லை, அவ்வளவுதான். சமவெளியில் புரட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

சித்திரபுரத்துக்குப் பிப்ரவரியில் மறுபடி போனேன். மேல்பலகையைக் கழற்றியிருந்தார்கள். குடில் ஜன்னலோர மேசைக்குப் போய்விட்டதாம். கூரைத் தகரத்துக்கு மூன்றடி மேலே புதுக் குழாய் எட்டிப்பார்த்தது. மரச் சீலிங்கைக் குழாய் துளைத்துப் போகும் இடத்தை ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கணப்புத் தீவிபத்துகளில் ஆகப் பொல்லாத மூலை அதுதான், கீழே நிற்பவர் கண்ணில் படவே படாது. சுற்றிலும் மரத்தை வெட்டி, தகர வளையம் போட்டு இடம் விட்டிருந்தார்கள். பெட்டிக்கு முன்னால் மரத்தரையில் ஒன்றரை அடிக்குக் கடப்பைக் கல், கீழே சிமெண்ட் தளத்தோடு.

சுவரில் தகரம் தொங்கியது. மேஸ்திரி முதலில் அதைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்த, கையில் கிடந்த பிளாஸ்டிக் கரண்ட் பைப்பை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி மாட்டியிருக்கிறார். முதல் நாள் நெருப்பிலேயே அது ஜவ்வாக இளகி, தகரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இப்போது ஜி.ஐ. பைப் துண்டுகள். திருகாணிகள் எதுவும் பெட்டிக்கு நேர் பின்னால் இல்லை, ஓரங்களில் மட்டும். திருகாணியும் சூட்டைக் கடத்தும் கம்பிதான் என்பதை அவரே யோசித்திருந்தார்.

இரண்டு மணி நேரம் எரியவிட்டோம். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய வெப்பமானி இதற்கு உதவாது, நாற்பத்துச் சொச்சத்தோடு அது கைவிரித்துவிடும். பட்டறைகளில் வைத்திருக்கும் ரகம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். டிசம்பரில் டைல்ஸின் முகத்தில் 118 காட்டிய அதே இடத்தைப் பார்த்தோம். தகரத்தின் முன்முகத்தில் 96. ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, பின்னால் உள்ள புது பிளைவுட்டை நோக்கிக் காட்டினேன். 41.

“இதுக்குப் பதிலா செங்கல் சுமந்திருந்தா முதுகு போயிருக்கும்” என்றார் மேஸ்திரி. அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. பூசை மாடத்திலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்து, தணலில் பற்றவைத்து, ஊதி அணைத்து, குனிந்து தகரத்தின் கீழ் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை நூல் சட்டென்று மடிந்து, தகரத்துக்குப் பின்னால் புகுந்து மறைந்தது. உரிமையாளர் அண்ணாச்சி நாற்காலி மேல் ஏறினார். மேல் வாயில் முகத்தை வைத்துக் காத்திருந்தார்.

“வருது” என்றார். “சந்தன வாசம்.”